வெளிநாட்டுக் காசும் சந்தியில் நிற்கிற பெடியளும்

கோண்டாவில் வாசகர், 2025 ஜூலை 13

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கையோடு எங்கள் ஒழுங்கைக்குள் மூன்று மோட்டார் சைக்கிள்கள் வந்து இறங்கிவிட்டன. ஓடுகிறவர்களில் ஒருவனுக்கும் 18 வயது ஆகவில்லை. ஒன்று ரொறன்ரோ மாமாவின் காசு, மற்றது பாரிஸ் சித்தப்பாவின் காசு, மூன்றாவது யாருடையது என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இரவு பத்து மணிக்குப் பிறகும் ஒழுங்கையில் நித்திரை இல்லை. யாழ்ப்பாணத்துப் பெடியள் கெட்டுப்போவதற்கு ஒரே காரணம் வெளிநாட்டுக் காசு. மறுக்கிறவர்கள் மறுத்துப் பாருங்கள்.

சந்திக்கடைக்காரி, ஜூலை 13 இரவு (இனி வருபவை எல்லாம் இவருடைய பதில்கள்)

மறுக்கிறேன். "ஒரே காரணம்" என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. நீங்கள் சொல்வது சரியென்றால் வெளிநாட்டில் ஒருவருமே இல்லாத வீட்டுப் பெடியன் ஒருவனும் வாள்வெட்டு வழக்கில் பிடிபட்டிருக்கக் கூடாது. அப்படியா இருக்கிறது?

திருநெல்வேலிப் பக்கம் ரியூசன் நடக்கிற ஒரு ரியூட்டரிக்கு எதிரே கொம்யூனிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, போன் றீலோட், லமினேட்டிங், அவசரத்துக்குப் பேனை. பின்னேரம் மூன்றரையிலிருந்து இரவு ஏழரை வரை என் கடை வாசலில் நிற்கிறவர்கள் முழுப்பேரும் பதின்வயதுக்காரர்கள். எவன் மாமாவின் காசில் வருகிறான், எவன் தாய் சீட்டு எடுத்த காசில் வருகிறான் என்பது றீலோட் போடும்போதே தெரிந்துவிடும். குழப்படி இரண்டு பக்கமும் இருக்கிறது. தங்கமான பிள்ளைகளும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

ஜூலை 14

வடமராட்சியிலிருந்து எழுதுகிற ஆசிரியர் ஒருவர், "அப்ப வறுமைதான் காரணம் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? காசு கூடினால் கெடுவான் என்கிறார் கோண்டாவிலார். குறைந்தால் கெடுவான் என்கிறீர்கள் நீங்கள். இரண்டு பேரும் பெடியனின் பொக்கெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மிச்சம் பிறகு. வாசலில் ஆட்கள்.

ஜூலை 16

சரி, மிச்சம். சும்மா கிடைக்கிற காசு பிள்ளைகளை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் தற்செயலாக ஒரு சோதனை நடந்திருக்கிறது. வட கரோலினா மாநிலத்தின் மலைப்பக்கத்தில் 1993இலிருந்து ஜேன் கொஸ்டெலோ என்பவரின் குழு 1,420 பிள்ளைகளை ஆண்டுதோறும் போய்ப் பார்த்து வந்தது. பிள்ளைகளின் மனநலம், நடத்தை, குடும்ப வருமானம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். அதில் கால்வாசிப் பேர் செரோக்கி பழங்குடிப் பிள்ளைகள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே செரோக்கிகளின் நிலத்தில் ஒரு கசினோ திறந்தது. அதன் இலாபத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு செரோக்கிக்கும் வரத் தொடங்கியது. வேலைக்குப் போகிறாயா, குடிக்கிறாயா, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறாயா என்று எந்தக் கேள்வியும் இல்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் தலையில் கைவைப்பார்கள்.

2003இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தக் காசால் வறுமைக் கோட்டைத் தாண்டி மேலே வந்த குடும்பங்களில் பிள்ளைகளின் முரட்டுத்தனமும் சொல்வழி கேளாமையும் குறைந்து, ஒருநாளும் வறுமைப்படாத பிள்ளைகளின் மட்டத்துக்கே வந்திருந்தன. கோண்டாவில் அண்ணை, சும்மா வந்த காசு அங்கே பிள்ளைகளைக் கெடுக்கவில்லை.

ஏன் என்று பார்த்ததில்தான் விசயம் இருக்கிறது. அவர்கள் கண்ட முக்கியமான காரணம், தாய் தகப்பனுக்குப் பிள்ளையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. நேர நெருக்கடி குறைந்த வீட்டில், பிள்ளை எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று கேட்க ஒரு ஆள் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. வளர்ந்தவர்களின் பங்கு அவரவர் கைக்குப் போனது. பிள்ளைகளின் பங்கை 18 வயது வரை பூட்டி வைத்தார்கள், அதையும் உயர்பாடசாலை முடித்தவனுக்குத்தான் அந்த வயதில் கொடுத்தார்கள். பதினாறு வயதுப் பெடியனின் கைக்கு ஒரு சதமும் நேரே போகவில்லை.

ஜூலை 16, பின்னேரம்

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்து வாசியுங்கள். முரட்டுத்தனம் குறைந்ததே தவிர, பதற்றமும் மனச்சோர்வும் காசு வந்த பிறகும் பெரிதாக மாறவில்லை. இதைப் பற்றிப் பிறகு எழுத வேண்டும்.

ஜூலை 19

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். செரோக்கி வீட்டில் காசும் கவனிப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. இங்கே காசு ரொறன்ரோவில், பெடியன் கொக்குவிலில். நடுவில் நிற்கிற தாய்க்கு இரண்டின் மேலும் அதிகாரம் இல்லை.

கடைக்கு வருகிற ஒரு தாய். புருசன் கட்டாரில். தமையன் கனடாவில் இருந்து மாதாமாதம் அனுப்புகிறார், வீட்டுக்கு ஓடு மாற்றியதும் அவர் காசில்தான். மகனுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று இவவுக்கு நல்லாய் விளங்குகிறது. ஆனால் மகன் வட்ஸ்அப்பில் மாமாவோடு நேரே கதைத்து முடித்துவிட்டான். "அண்ணா, அவனுக்கு வாங்கிக் கொடுக்காதே" என்று சொல்ல இவவால் முடியாது. சொன்னால் அடுத்த மாதக் காசுக்கு என்ன முகத்தோடு கேட்பது? என் கவுண்டரில் நின்று அழுதா. நான் தண்ணீர் கொடுத்தேன், வேறென்ன செய்கிறது.

அந்தக் காலத்தில் மாமாவின் காசு உண்டியல் என்ற கைமாற்றில் வந்தாலும் வங்கியில் வந்தாலும் வீட்டுப் பெரிய ஆளின் கைக்குத்தான் வரும். நீலநிறக் கடிதத்தில் "பிள்ளைகளுக்குச் சட்டை எடுத்துக் கொடுக்கவும்" என்று இருக்கும். சட்டை எடுப்பதா, ரியூசன் காசு கட்டுவதா, சீட்டில் போடுவதா என்று அம்மம்மா தீர்மானிப்பா. இப்போது பதினைந்து வயதுக்காரனுக்குத் தனிப் போன், தனிக் கணக்கு, மாமாவோடு தனிக் கதை. அம்மம்மாவுக்குக் கொடுக்கல் வாங்கலில் இடமே இல்லை.

அந்தத் தனிப்போன் எப்படி வந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள், பாடம் போனுக்குள் போனது. ஒரு போனை மூன்று பிள்ளைகள் இழுபறிப்பட்ட வீடுகள் எனக்குத் தெரியும். எப்படியோ கடன்பட்டு, வெளிநாட்டில் கேட்டு, ஆளுக்கொன்று வாங்கினார்கள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு அதைத் திருப்பி வாங்கிய தாயை நான் காணவில்லை.

ஜூலை 20

ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி கோபமாக எழுதியிருக்கிறார். இரவு வேலையும் பகல் வேலையும் செய்து அனுப்புகிறவர்களில் பழி போடுகிறோமாம்.

தம்பி, பழி போடவில்லை. என்னுடைய அண்ணாவும் ஸ்காபரோவில்தான், அவர் அனுப்பிய காசில்தான் இந்தக் கடையின் முதல் போட்டோகொப்பி மெசின் வந்தது. பதினேழு வயதில் ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிக்கிட்டவர். போன இடத்தில் முதல் ஆண்டே கோப்பை கழுவினார். விளையாட்டில்லை, ஊர் சுற்றவில்லை, ஒரு மோட்டார் சைக்கிள் ஓடவில்லை. தனக்குக் கிடைக்காத பதினேழு வயதை மருமக்களுக்கு வாங்கிக் கொடுக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். என் மகளுக்குப் போன் அனுப்பியபோது அவர் குரலில் இருந்த சந்தோசம் எனக்குத் தெரியும். கோபிக்க மனம் வரவில்லை. அதற்காக அந்தப் போனை மகளிடம் அப்படியே கொடுக்கவும் இல்லை, இரவு ஒன்பது மணிக்கு என் தலையணைக்குக் கீழே வந்துவிடும். இது பற்றி அண்ணாவுக்கும் எனக்கும் ஒரு மாதம் கதைபேச்சு இல்லை.

ஜூலை 21

மோட்டார் சைக்கிள் ஓட வயது இருக்கிறதா என்று கேட்டவருக்கு: ஆம், சட்டப்படி சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க 18 வயது. வண்டி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள், பெரும்பாலும் தாயின் பெயரில் இருக்கும். விபத்து நடந்தால் பொலிசுக்கு நடக்கிறதும் அவதான். 2020இலிருந்து இந்த ஆண்டு தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிக்கே தங்கத்தின் விலை. சில வீடுகளில் உண்மையிலேயே தங்கம்தான் போயிருக்கிறது.

ஜூலை 24

"எங்கள் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு ஒழுக்கம்" என்று இரண்டு பேர் எழுதியாகிவிட்டது. வரும் என்று எதிர்பார்த்தேன்.

1995இல் எனக்கு 15 வயது. ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கப் போரில் இடம்பெயர்ந்து நடந்தபோது, செம்மணி வெளியில் மழைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன கூட்டத்தில் நானும் இருந்தேன். அதற்கு முதல் ஐந்து ஆண்டாக மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய், பஞ்சுத் திரி, அந்த வெளிச்சத்தில் படிப்பு. ரேடியோ கேட்க சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றினோம். இதையெல்லாம் இப்போது பெருமையாகச் சொல்கிறோம், நானும் மகளுக்குச் சொல்லி அறுத்திருக்கிறேன்.

ஆனால் ஒழுக்கம் என்று எதைச் சொல்கிறீர்கள்? இரவில் வெளியே போகாததற்குக் காரணம் ஊரடங்கும் ஷெல்லும். மோட்டார் சைக்கிள் ஓடாததற்குக் காரணம் பெற்றோல் தடை, ஓடின ஒன்றிரண்டும் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. காசைச் செலவழிக்காததற்குக் காரணம் கடையில் சவர்க்காரமே இல்லை. வகுப்பில் திடீரென்று ஒரு வாங்கு வெறுமையாகும். ஒருவன் இயக்கத்துக்குப் போயிருப்பான், ஒருத்தியைக் கொழும்புக்கு அனுப்பியிருப்பார்கள், அங்கிருந்து எந்த நாடோ. அந்த வயதுக்குரிய துணிச்சல் எங்களிடமும் இருந்தது. அது போன இடம் வேறு. அதை ஒழுக்கம் என்று சொல்லி இன்றைய பிள்ளைகளின் முகத்தில் எறிவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜூலை 25

ஒருவர், "அப்படியென்றால் போர் பார்க்காத இந்தப் பிள்ளைகளுக்கு என்ன குறை?" என்கிறார். இன்று 15 வயதுக்காரன் 2010இல் பிறந்தவன், உண்மைதான். அவனுடைய தகப்பனோ தாயோ பார்த்தவர்கள். இங்கே மனநல மருத்துவராக நெடுங்காலம் வேலை செய்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு பற்றி எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வருவது, அடிபட்டது தனி ஆட்கள் மட்டும் இல்லை, குடும்பம் என்ற அமைப்பும் ஊரில் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கையும் சேர்ந்தே அடிபட்டன என்பது. முந்தியென்றால் சந்தியில் நின்று சிகரெட் பிடிக்கிறவனை யாரும் கூப்பிட்டு "நீ இன்னாற்றை மகனல்லோ?" என்று கேட்கலாம். இப்போது கேட்டால் "உங்களுக்கென்ன சோலி" என்று தகப்பனே வந்து சண்டை பிடிப்பார். என் கடை வாசலில் நடந்தது.

ஜூலை 27

கூட்டாளிகள் பற்றி ஒருவரும் எழுதவில்லையே.

தனியே வந்தால் "அக்கா, இதிலே ரெண்டு கொப்பி எடுத்துத் தாங்கோ" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு கதைக்கிறவன், மூன்று பேராக வந்தால் என் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறான். அதே பெடியன். மிச்சக் காசை எண்ணாமல் பொக்கெட்டில் போடுகிறான், அதுவும் ஒரு கெத்து.

2005இல் மார்கோ கார்ட்னர், லோரன்ஸ் ஸ்டைன்பேர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டில் உட்கார வைத்தார்கள். எவ்வளவு தூரம் ஓடுகிறாயோ அவ்வளவு புள்ளி, நிறுத்தத் தவறினால் மோதல். சிலரைத் தனியே, சிலரைக் கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருக்க. 13 முதல் 16 வயதினர் கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது தனியே ஓடியதைவிட மிகக் கூடுதலாகத் துணிந்தார்கள். 24 தாண்டியவர்களிடம் அப்படி ஒன்றும் மாறவில்லை. எங்கள் பலாலி வீதியில் ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போவதைப் பார்க்கிற ஆருக்கும் இதற்கு ஆய்வு தேவையில்லை. ஆனாலும் கோண்டாவிலார் மாதிரியான ஆட்களுக்கு இதைக் காட்ட வேண்டும். அந்த மூன்று பேரில் மாமா இருக்கிறவன் ஒருவன்தான். மற்ற இரண்டு பேரும் அவன் பெற்றோலில் ஓசிச் சவாரி. ஒரு வீட்டின் காசு மூன்று வீட்டுப் பிள்ளைகளின் நடத்தையை மாற்றுகிறது.

ஆகஸ்ட் 3

நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. கடையில் பாதி நேரம் ஆங்கிலமும் பிரெஞ்சும். வந்திருக்கிற மச்சான்மாரின் சப்பாத்தைப் பார்த்துவிட்டு இங்கத்தைப் பிள்ளைகள் தங்கள் சப்பாத்தைப் பார்க்கிறார்கள். வீட்டில் சோறு குறையவில்லை, புத்தகம் குறையவில்லை, ஆனாலும் இந்த இருபத்தைந்து நாளும் ஒவ்வொரு பிள்ளையும் தன்னை ஏழை என்று நினைக்கிறது. திருவிழா முடிந்து ஒரு மாதத்துக்கு அந்த முகம் இருக்கும். தாய்மாருக்கு ஒரு யோசனை: புது போன் கேட்டால் ஐப்பசி வரை பதில் சொல்ல வேண்டாம்.

 

ஆகஸ்ட் 9

இவ்வளவு எழுதியும் பெண் பிள்ளைகளின் பேச்சு வரவில்லை. வாசகர்கள் எல்லோரும் "பெடியள், பெடியள்" என்றே எழுதினோம், நானும்தான். காரணம் என்னவென்றால் அவர்கள் என் கடை வாசலில் நிற்பதில்லை. வருவார்கள், கொப்பி எடுப்பார்கள், ரியூட்டரி வாசலில் தகப்பனோ தமையனோ காத்திருப்பார், போய்விடுவார்கள். சத்தம் இல்லாததால் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

முன்பு எழுதிய செரோக்கி ஆய்வின் மறுபாதி இங்கேதான் எனக்கு உறைக்கிறது. காசு வந்ததும் குறைந்தது வெளியே தெரிகிற குழப்படி. உள்ளுக்குள் இருக்கிற பயமும் சோர்வும் அப்படியே இருந்தன. எங்கள் வீடுகளில் அந்த உள்ளுக்குள் இருக்கிறதைச் சுமக்கிறவர்கள் அதிகம் பெண் பிள்ளைகள் என்றுதான் எனக்குப் படுகிறது. இது ஆய்வு சொன்னதில்லை, என் கண் சொல்வது.

ஒரு பிள்ளை, பதினாறு வயது. கணக்கில் கெட்டிக்காரி. ஆங்கில வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் "வீட்டில் படிக்கிறேன் அன்ரி" என்றாள். பிறகுதான் தெரிந்தது, தமையனின் மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் மாதம் தவறாமல் கட்ட வேண்டும், அதற்குத் தங்கச்சியின் வகுப்புக் காசு போனது. வீட்டில் ஒருவரும் கூடாத ஆட்கள் இல்லை. வண்டியை இழுத்துக்கொண்டு போனால் ஊர் பார்க்கும், பிள்ளை வகுப்புக்குப் போகாவிட்டால் ஊருக்குத் தெரியாது. அந்த வீட்டுக் கணக்கு அப்படித்தான் போயிருக்கிறது. அவளுடைய நடத்தை பற்றி ஒரு முறைப்பாடும் இல்லை. "அமைதியான பிள்ளை" என்கிறார்கள். அவள் அமைதியாகத்தான் இருக்கிறாள், எனக்குத்தான் அந்த அமைதி பிடிக்கவில்லை.

பொதுத் திருமணச் சட்டத்தில் வயது 1995இலிருந்து 18. ஆனால் "வெளிநாட்டு மாப்பிள்ளை வந்திருக்கு, பேசி வைப்பம்" என்கிற பேச்சுக்குச் சட்டத்தில் வயது இல்லையே. பதினாறில் பேசி வைத்தால் அதன்பிறகு உயர்தரத்தில் எந்தப் பாடம் எடுப்பது என்று யார் அக்கறைப்படுவார்கள்?

ஆகஸ்ட் 10

வடமராட்சி ஆசிரியர் கேட்கிறார், அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்தேன் என்று. ஆங்கில வகுப்புக் கையேடுகள் என் கடையில்தான் அடிபடுகின்றன. ஒரு பிரதி கூடுதலாக அடிபட்டால் மெசினுக்குத் தெரியவா போகிறது.

ஆகஸ்ட் 17

பாசையூரிலிருந்து ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார், எல்லோரும் வாசியுங்கள். "நீங்கள் மாமா காசு பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் பக்கம் பதினான்கு வயதிலேயே கடலுக்குப் போகிறான், அவனைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?" என்பது சாரம். நியாயமான கேள்வி. திருநெல்வேலிச் சந்தியிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது.

அவர் சொல்கிற பொருளாதாரம் இதுதான். எல்லை தாண்டி வருகிற இந்திய இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. இழுவை மடித் தொழிலை 2017இலேயே இங்கே சட்டத்தால் தடை செய்தார்கள், வலை அறுபடுவது நிற்கவில்லை. அதற்கு மேல் 2022. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாய் ஆனது. படகின் வெளியிணைப்பு இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். சம்பளத்துக்கு ஆள் வைக்க ஏலாத தகப்பன் மகனைப் படகில் ஏற்றினார். பள்ளிக்கூடம் 16 வயது வரை கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த மாதம் அடுப்பு எரிய வேண்டுமே.

இனி அவன் நடத்தையைப் பாருங்கள். இரவு முழுக்கக் கடலில் வளர்ந்தவர்களோடு நிற்கிறான். அவர்கள் போடுகிற மாவா என்ற போதைப் பாக்கைப் போடுகிறான். விடிய வந்து பிடியில் பங்கு வாங்குகிறான், பாதியைத் தாயிடம் கொடுக்கிறான். அந்த வீட்டில் அவன் உழைக்கிற ஆம்பிளை. அடுத்த கிழமை தரம் 9 வகுப்பில் போய் உட்கார்ந்தால், தலைமயிர் நீளம் என்று வெளியே நிறுத்துகிறார்கள். அவன் திரும்பி முறைக்கிறான். "அடங்காதவன்" என்று எழுதியாகிவிட்டது. யாருக்கு அடங்குவது? கடலில் வளர்ந்தவனாகவும் வகுப்பில் பிள்ளையாகவும் ஒரே கிழமைக்குள் மாறி மாறி இருக்கச் சொன்னால் வளர்ந்த எங்களாலேயே முடியாது.

வறுமை பெடியனைக் கெடுப்பது நேரடியாக இல்லை என்று அமெரிக்காவிலும் கண்டிருக்கிறார்கள். 1980களில் அயோவா மாநிலத்தில் விவசாயிகள் கடனில் மூழ்கினார்கள். அந்தக் குடும்பங்களை ராண்ட் கொங்கர் என்பவரின் குழு பின்தொடர்ந்தது. கடன் முதலில் தாய் தகப்பனின் மனதைப் பிடிக்கிறது, பிறகு அவர்களுக்குள் சண்டை, பிறகு பிள்ளையோடு எரிச்சல், கடைசியில்தான் பிள்ளையின் குழப்படி. 2022இல் எங்கள் ஒழுங்கையிலும் அதே வரிசைதான். பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட அந்த செப்டம்பரில் எத்தனை வீட்டில் தகப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிட்டார்கள்? அந்த ஆண்டு மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை தேடி நாட்டை விட்டுப் போனார்கள். அவர்கள் அனுப்புகிற காசும் இப்போது வெளிநாட்டுக் காசுதான், கோண்டாவில் அண்ணை. அதைக் கெட்ட காசு என்று சொல்வீர்களா?

ஆகஸ்ட் 18

ரியூசனை ஒரேயடியாக நிறுத்தினால் எல்லாம் சரிவரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ரியூசன் நின்றால் என் கடை பூட்டுப்படும், அதனால் இந்த விசயத்தில் என் கருத்தை நம்ப வேண்டாம்.

நம்பாவிட்டாலும் சொல்கிறேன். தாய் வேலைக்குப் போகிற வீட்டுக்கு, பின்னேரம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரிகிற ஒரே ஏற்பாடு அதுதான். காசு கொடுத்து ஒரு கண்ணை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆனால் முந்நூறு பேர் இருக்கிற கொட்டிலில் அந்தக் கண் கரும்பலகையைத் தவிர வேறொன்றையும் பார்க்காது. கடைசி வாங்கிலிருந்து எழும்பி என் கடைக்கு வருகிறவனை யாரும் தேடி வந்து நான் காணவில்லை.

ஆகஸ்ட் 23

நோர்வேயிலிருந்து ஒரு அக்கா ஐஸ்லாந்தைப் பாருங்கள் என்கிறார். பார்த்தேன். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதத்தினர் முந்திய மாதத்தில் வெறிக்கக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். இரவில் இத்தனை மணிக்குப் பிறகு வெளியே நிற்கக் கூடாது என்று சட்டம், பெற்றோர் ஒன்றுகூடி ஒப்பந்தம், விளையாட்டுக்கும் இசைக்கும் நகரசபையே ஆண்டுதோறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காசு. அங்கே ஐஸ் வானத்திலிருந்து விழுகிறது, எங்களுக்கு ஐஸ் என்றால் போதைப்பொருள்.

ஊரடங்குச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வயிறு கலங்கும், அதை விடுவோம். விளையாட்டுக்குக் காசு என்ற பகுதி இங்கே நடக்கும். ஊருக்கு ஊர் சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் வைத்திருந்த ஆட்கள் நாங்கள். பின்னேரம் ஓவர் கேம் என்கிற எங்கள் ஊர்க் கரப்பந்து பார்க்க ஒழுங்கையே கூடும். வெளிநாட்டுக் காசு இப்போது கோயில் கோபுரத்துக்கு வருகிறது, தேருக்கு வருகிறது, பழைய மாணவர் சங்கத்தின் பெரிய விழாவுக்கு வருகிறது. வாசிகசாலையின் கூரையால் மழை ஒழுகுகிறது. சாமி கோபிக்காது என்ற துணிவில் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 24

மேலே எழுதியதை அண்ணாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "காசு கேட்கிறதுக்கு இவ்வளவு நீளமா எழுத வேணுமா?" என்று பதில்.

செப்டம்பர் 6

சிலர் கேட்டதால் நிலவரம். எங்கள் கழகத்தின் கரப்பந்தாட்டத் திடலுக்கு நாலு மின்விளக்குப் போட்டாயிற்று. காசு ஸ்காபரோவிலிருந்து மூன்று பேர். அதை எந்தப் பெடியனின் கையிலும் கொடுக்கவில்லை, கழகப் பொருளாளர் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினோம். முதல் சில நாள் ஏழு மணிக்குப் பிறகும் இருபது பேர் வரை நின்றார்கள். மோட்டார் சைக்கிள்களும் நின்றன, ஆனால் நிறுத்தியபடி. பிறகு கொஞ்சம் குறைந்தது. என் கடை வாசலும் முழுதாக வெறுமையாகவில்லை, மாவா பாக்கெற்றுகளை இன்றைக்கும் கூட்டி அள்ளினேன்.

இப்போதைய சண்டை மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்பது. பாசையூர்க்காரர் தங்கள் பக்கத்துக்கும் கேட்கிறார், ஆனால் அவர்களுடைய பெடியளுக்கு இரவு ஏழு மணிக்கு விளக்கு எரிந்து என்ன பிரயோசனம், அவர்கள் கடலுக்கு வெளிக்கிடுகிற நேரம். பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு அண்ணை வந்து நின்று விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்கிறார். ஆளைத் தேடுகிறோம், சம்பளமும் தேட வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலை திடலைத் தர முடியுமா என்று செயலாளரிடம் கேட்டேன். "பார்ப்பம் அக்கா" என்றார். அடுத்த சுற்றுப்போட்டிக்கு நோட்டீஸ் அடிக்க என் கடைக்குத்தான் வர வேண்டும், அப்போது திரும்பவும் கேட்கிறேன்.